சாவியும் உரிமையும்

(மூன்றாம் ஆண்டு இளநிலை வணிகவியல் மாணவி)

‘கையெழுத்து’ - ஐந்தே எழுத்துகள் கொண்ட சொல். ஆனால் ஒரு மனிதனின் உழைப்பு, பணம், நாணயம் அனைத்தும் அந்த ஐந்து எழுத்துகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. கை அசையும் வரை அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. அசையாது போகும் நாளில்தான் தெரிகிறது. அப்படி ஒரு நாளை நான் கண்டேன். அதைப் பற்றியும், அது எனக்குக் கற்பித்ததைப் பற்றியும் இக்கட்டுரையில் என் கருத்தைக் கூற விழைகிறேன்.

என் அண்ணன் இணையதளம் வடிவமைப்பவர். எந்த நிறுவனத்திலும் அவர் ஊழியர் அல்லர். கரூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி. இவையே அவருடைய அலுவலகம். திரைச்சீலையும் மேசை விரிப்பும் நெய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் துணி ஏற்றுமதியாளர் ஒருவர், ஒரு திருமண மண்டபத்தார், ஒரு ஸ்கேன் நிலையத்தார் எனப் பதினெட்டு வாடிக்கையாளர்கள் அவரை நம்பி இருந்தனர். தளத்தை வடிவமைத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தளத்தின் பெயரை, அதாவது டொமைனை, குறித்த நாளில் புதுப்பிக்க வேண்டும்; தளம் தங்கியிருக்கும் கணினிக்கு வாடகை கட்ட வேண்டும்; பழுது பார்க்க வேண்டும். முதலாளி, தொழிலாளி, கணக்கர், காவலாளி எல்லாம் அவர் ஒருவரே!

“சொந்தக் கால்” என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஒற்றைக் காலில் நிற்பவன் இடறினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

இடறிய நாள்

2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழை இரவு ஒன்றில் அண்ணனின் இரு சக்கர வாகனம் சறுக்கியது. தலையில் அடி, வலக்கையில் எலும்பு முறிவு. பதினொரு நாள் நினைவில்லை. நினைவு திரும்பிய பின்னும் சில வாரங்கள் பேச்சில் தெளிவில்லை. நான் அப்போது முதலாம் ஆண்டு மாணவி.

பன்னிரண்டாம் நாள், ஏற்றுமதியாளரின் டொமைன் காலாவதியானது. தளம் மறைந்தது. அதே பெயரில் இயங்கிய அவருடைய மின்னஞ்சலும் நின்றது. வெளிநாட்டு வியாபாரிகள் அனுப்பிய கடிதங்கள் திரும்பிப் போயின. அவர் கோபத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார். என் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கோபம் தணிந்து, “ஏம்மா, அண்ணன் எதுவும் எழுதி வைக்கலையா?” என்று என்னைக் கேட்டார்.

எழுதி வைத்திருந்தார்! பூஜை அறை அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எல்லாக் கடவுச்சொற்களும் அதில் இருந்தன. பாய்ந்து சென்று எடுத்தேன். கடவுச்சொல்லைக் கொடுத்ததும் கணினி அடுத்த கேள்வி கேட்டது: கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண் என்ன? கைப்பேசியோ சாலையில் நொறுங்கிவிட்டது. புதிய சிம் அட்டை கேட்டால், “உரியவர் நேரில் வர வேண்டும்” என்றார்கள். டொமைன் பதிவு செய்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். “அவர் சார்பில் பேச உங்களுக்கு என்ன அதிகாரம்?” என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்கள். தங்கை என்பது உறவு, அதிகாரம் அன்று!

மற்றொரு புறம், அண்ணனின் வங்கிக் கணக்கில் வாடிக்கையாளர்கள் கொடுத்த முன்பணமும் அவர் சேமிப்புமாக ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் இருந்தது. மருத்துவமனைக்குக் கட்டவோ பணமில்லை. வங்கி மேலாளர் இரக்கமுள்ளவர். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். ஆனால் கணக்குக்கு உரியவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் தர இயலாது என்றார். அவர் சொன்னது சரியே. இப்படி வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் வங்கியில் நம்மில் யார் பணம் போடுவோம்? அன்று மாலை அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

திருமண மண்டபத்தின் தளமோ முழுதாக முடிந்திருந்தது. பாக்கித் தொகை நாற்பதாயிரம். ஆனால் வடிவமைப்பின் உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்பது ஒப்பந்தம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும்; உரிமையாளரோ அவரால் முறையாக அதிகாரம் அளிக்கப்பட்ட முகவரோ அதில் கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் படுக்கையில், முகவர் என்று எவரும் இல்லை. முடிந்த வேலைக்கும் கூலி இல்லை!

என் நிலையைக் கண்ட நண்பர் ஒருவர், “அண்ணன் எழுதுவது போலவே ஒரு கடிதம் எழுதி, அவர் கையெழுத்தையும் போட்டுவிடேன்; யாருக்குத் தெரியப் போகிறது?” என்றார். ஒரு கணம் மனம் தடுமாறியது உண்மை. ஆனால் அதற்குப் பெயர் உதவி அன்று, ஆள்மாறாட்டம். அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. சாவி கையில் இருப்பது வேறு. கதவைத் திறக்கும் உரிமை இருப்பது வேறு. என்னிடம் பாதிச் சாவி இருந்தது. உரிமை சிறிதும் இல்லை.

அச்சம் தரும் சொல்

இந்த உரிமையைத் தரும் ஆவணத்துக்குத்தான் ‘அதிகார ஆவணம்’ என்று பெயர். மக்கள் வழக்கில் ‘பவர் பத்திரம்’. இந்தியாவில் இதற்கென 1882-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதிகாரம் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் முகவாண்மைப் பகுதி விளக்குகிறது. நாம் வணிகச் சட்டப் பாடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அதே பகுதிதான்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் உதவியிருக்கும். நாங்கள்தான் அடுப்பில் ஏற்றவில்லை.

அண்ணன் தேறி எழுந்த பிறகு, “ஒரு பவர் எழுதி வைத்துவிடலாம்” என்றார். அப்பாவின் முகம் கறுத்தது. “அந்தப் பேச்சையே இந்த வீட்டில் எடுக்காதே” என்றார். காரணம் இருந்தது. என் பெரியப்பா பல ஆண்டுகளுக்கு முன் ஒருவரை நம்பி, படித்துப் பாராமல் ஒரு பொது அதிகார ஆவணத்தில் கையெழுத்திட்டார். இரண்டு ஏக்கர் நிலம் கைமாறிய செய்தி அவருக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அன்று முதல் எங்கள் குடும்பத்தில் ‘பவர்’ என்றால் பறிபோவது என்று பொருள்.

அப்பாவின் அச்சத்தை நான் பழிக்கவில்லை. தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு இந்த அச்சம் உண்டு. நிலத்தைக் கிரயம் செய்யாமல் பவர் எழுதியே விற்பதும் வாங்குவதும் நாடெங்கும் பெருகியதைக் கண்டுதான், அதிகார ஆவணத்தால் மட்டும் சொத்தின் உரிமை மாறாது என்று உச்சநீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தெளிவாகக் கூறியது. ஆனால் கத்தி விரலை அறுத்தது என்பதற்காகச் சமையலையே நிறுத்திவிடுவதா? பெரியப்பாவைக் கெடுத்தது அதிகாரம் கொடுத்தமை அன்று, அளவின்றிக் கொடுத்தமை. அதிகார ஆவணத்தில் பொது, சிறப்பு என இருவகை உண்டு. பொது ஆவணம் அகலக் கதவு. சிறப்பு ஆவணம் இன்ன வேலைக்கு மட்டும் என்று திறக்கும் சன்னல். தொழில் செய்யும் இளைஞனுக்குத் தேவை சன்னலே.

அடுத்த கேள்வி, யாருக்குக் கொடுப்பது என்பது. “என் தங்கைக்கு” என்றார் அண்ணன். அத்தை பதறினார்: “நாளைக்குக் கட்டிக்கொடுத்துப் போகிற பெண்ணுக்கா?” சட்டம் அப்படிக் கேட்பதில்லை. முகவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், தெளிந்த மனம் வேண்டும். அப்போதுதான் அவர் தம் செயலுக்குப் பொறுப்பாவார். ஆணா பெண்ணா, மணமானவரா ஆகாதவரா என்ற பேச்சே அங்கு இல்லை. அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்தார்: “கணக்குத் தெரிந்தவள் அவள்தான்.” வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தை முன்னும், ‘தெரிந்துவினையாடல்’ அதிகாரத்தைப் பின்னும் வைத்தார். ஆராய்ந்து தேர்ந்தெடுத்த பிறகே வேலையை ஒப்படைக்க வேண்டும் என்பது அந்த வரிசையிலேயே விளங்கவில்லையா?

நாங்கள் எழுதிய பத்திரம்

2024-ஆம் ஆண்டு தை மாதத்தில் வக்கீல் ஒருவரிடம் சென்றோம். அவர் எழுதித் தந்ததைச் சுருக்கமாகக் கூறுகிறேன். தொழில் தொடங்கும் நண்பர்களுக்கு உதவும்.

முதலில், நான் செய்யத்தக்கவை. வாடிக்கையாளர்களோடும் டொமைன் நிறுவனங்களோடும் கடிதப் போக்குவரத்து நடத்தலாம். டொமைன்களையும் வாடகைச் சேவைகளையும் புதுப்பிக்கலாம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம். முடிந்த வேலைக்குப் பட்டியல் அனுப்பிப் பணம் பெறலாம். ஆனால் பணம் அண்ணனின் கணக்கிற்கே வர வேண்டும். முடிந்த வடிவமைப்பின் பதிப்புரிமையை ஒப்பந்தப்படி எழுதிக் கொடுக்கலாம். பாதியில் நிற்கும் வேலையை வேறொரு வடிவமைப்பாளரைக் கொண்டு முடிக்கலாம்.

அடுத்து, நான் செய்யக் கூடாதவை. கடன் வாங்கக் கூடாது. யாருக்கும் ஜாமீன் நிற்கக் கூடாது. தொழிலையோ வேறெந்தச் சொத்தையோ விற்கக் கூடாது. என் சொந்தக் கணக்கிற்குப் பணம் மாற்றக் கூடாது. இந்த அதிகாரத்தை மற்றொருவருக்குக் கைமாற்றக் கூடாது. மாதந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும். காலம் இரண்டு ஆண்டு. இடையில் வேண்டாம் என்று தோன்றினால் அண்ணன் எழுத்தில் ரத்து செய்யலாம்; ரத்து செய்ததை எனக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

நிலம், வீடு பற்றிய அதிகாரம் எதுவும் இதில் இல்லாததால், முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றார் வக்கீல். வங்கிக்கு மட்டும் தனி ஏற்பாடு. எங்கள் வங்கி தன் சொந்தப் படிவத்தில், கணக்கை இயக்க எனக்கு அதிகாரம் அளித்து எழுதி வாங்கிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அண்ணன் வாழ்நாளில் தாளில் எதையும் செய்தவர் அல்லர். “மின்கையொப்பம் போட்டு அனுப்பினால் ஆகாதா?” என்று வக்கீலைக் கேட்டார். ஆகாது. மின்னணு ஆவணங்களை ஏற்கும் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே தன் முதல் அட்டவணையில் அதிகார ஆவணத்தை விலக்கி வைத்திருக்கிறது. 2022-இல் வந்த திருத்தம், ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் ஆவணங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. தங்கைக்குக் கொடுக்கும் பவருக்கு இன்றும் தாளும் மையும்தான்!

பத்திரம் தந்தது உரிமையை. சாவியையும் ஒழுங்கு செய்தோம். ஓ.டி.பி. ஒரே கைப்பேசியை நம்பியிராதபடி, அனுமதிக்கும் இடங்களிலெல்லாம் இரண்டாவது பயனராக என் பெயரைச் சேர்த்தார். அதைவிட முக்கியமாக, வாடிக்கையாளர்களின் டொமைன்களை அவரவர் பெயருக்கே மாற்றினார். ஏற்றுமதியாளரின் பெயரை எப்படி மீட்டோம் தெரியுமா? ‘.காம்’ பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனங்கள் வழக்கமாகச் சில வாரம் தவணை தரும். அதன் பின் 30 நாள் மீட்புக் காலம். அதற்குத் தனிக் கட்டணம். அதுவும் கடந்தால் ஐந்து நாளில் பெயர் பொதுவில் விடப்படும். உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் தெளிவு பெற்று இடக்கையால் தட்டச்சு செய்தபோது மீட்புக் காலம் பாதி கடந்திருந்தது. இன்னொருவரின் வாழ்வாதாரத்தை நம் பெயரில் பூட்டி வைப்பது சேவை அன்று என்பதை நாங்கள் அன்று உணர்ந்தோம்.

பத்திரம் நின்றுபோகும் இடம்

இத்தனையும் செய்து முடித்து நிம்மதியாக எழுந்தபோது நான் வக்கீலிடம் கேட்டேன்: “இந்தப் பத்திரம் அன்றே இருந்திருந்தால், அண்ணன் நினைவிழந்து கிடந்த நாட்களில் எல்லாம் நடந்திருக்கும் அல்லவா, ஐயா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “அங்கேதான் அம்மா சிக்கல். ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவைப் படித்துப் பார். முதலாள் இறந்தாலும், சித்த சுவாதீனம் இழந்தாலும் முகவரின் அதிகாரம் முடிந்துபோகும். நினைவே இல்லாதவர் சார்பில் நீ கையெழுத்திட்டு, நாளை ஒருவர் கேள்வி கேட்டால், சட்டம் உன் பக்கம் நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.”

திகைத்து நின்றேன். குடை மழைக்காகத்தானே? பெருமழை வந்ததும் மடங்கிக்கொள்ளும் குடையால் என்ன பயன்?

பயன் உண்டு, ஆனால் எல்லை உண்டு. கை முறிந்து மனம் தெளிவாக இருக்கும் நாளில், அறுவை சிகிச்சைக்காக ஊர் விட்டுச் செல்லும் நாளில், வெளிநாடு போகும் நாளில் இந்தப் பத்திரம் காக்கும். முற்றிலும் அறிவு மயங்கிய நாளில் காக்கும் என்று நம்ப முடியாது. முதலாளின் நலன்களைப் பாதுகாக்கத் தக்க நடவடிக்கை எடுக்கும் கடமையை மட்டும் 209-ஆம் பிரிவு முகவர் மேல் வைக்கிறது. கடமை இருக்கிறது, அதிகாரம் போய்விடுகிறது. இது என்ன நியாயம்?

பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின்படி, அறிவு தெளிவாக இருக்கும்போதே ஒருவர் ‘நிலைக்கும் அதிகார ஆவணம்’ எழுதிப் பதிவு செய்து வைக்கலாம். அவர் அறிவுத் திறனை இழந்த பின்னும் அது செல்லும். நம் நாட்டிலோ, கணவர் உணர்வற்றுக் கிடக்க, அவர் சொத்தை நிர்வகிக்க மனைவி உயர்நீதிமன்றப் படியேறிக் காப்பாளர் நியமனம் கேட்க வேண்டியிருக்கிறது. உயர்நீதிமன்றங்கள் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் இரங்கி உதவியிருக்கின்றன. ஆனால் மாடி அறையில் தொழில் செய்யும் ஓர் இளைஞனின் டொமைன் காலாவதியாகும் முன் உயர்நீதிமன்ற ஆணை வந்து சேருமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், தனக்கு மனநோய் வந்தால் எவ்விதச் சிகிச்சை வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேசப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கவும் நமக்கு உரிமை அளித்தது. என் உடலுக்கும் மனத்துக்கும் நடப்பதைப் பற்றிப் பேச ஒருவரை நான் முன்கூட்டியே நியமிக்கலாம். என் தொழிலைப் பற்றிப் பேச நியமிக்கக் கூடாதாம்! சிகிச்சையை நம்பி ஒப்படைக்கத் தெரிந்த மனிதனுக்குக் கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்கத் தெரியாதா? ஆகவே 201-ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொடுப்பவர் விரும்பி, தெளிவாக எழுதி, பதிவும் செய்திருந்தால், அவர் அறிவு மயங்கிய பின்னும் அந்த அதிகாரம் நிலைக்க வேண்டும். மோசடிக்கு அஞ்சுவோர் கணக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கட்டும். அகலக் கதவுகளைத் தடை செய்யட்டும். சன்னலையும் சேர்த்து அடைக்க வேண்டாம்.

சட்டம் திருந்தும் வரை நாம் என்ன செய்வது? 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் ‘ஒருநபர் கம்பெனி’ என்ற அமைப்பை அனுமதிக்கிறது. உரிமையாளர் இறந்தாலோ, ஒப்பந்தம் செய்யும் தகுதியை இழந்தாலோ அவரது இடத்திற்கு வரும் நியமனதாரரின் பெயரை அதில் தொடக்கத்திலேயே எழுதியாக வேண்டும். செலவும் கணக்கு வேலையும் சற்று மிகுதி. தொழில் வளர்ந்தவர்கள் அதை எண்ணிப் பார்க்கலாம். வளராதவர்கள், குறைந்தது ஒரு சிறப்பு அதிகார ஆவணமும், வாடிக்கையாளர் பெயரிலேயே டொமைனும், குடும்பத்தின் அவசரச் செலவுக்கென ஒரு கூட்டு வங்கிக் கணக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நிறைவாக

நண்பர்களே! நம் கல்லூரியை விட்டு வெளியேறும் அனைவருக்கும் அரசு வேலை காத்திருக்கவில்லை. நம்மில் பலர் மொழிபெயர்ப்பாளராகவும், வடிவமைப்பாளராகவும், கணக்கெழுதுபவராகவும், தனிப்பயிற்சி ஆசிரியராகவும் ஒற்றைக் காலில் நிற்கப் போகிறோம். நிற்பது பெருமைதான். ஆனால் நம்மை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. நாம் விழுந்தால் தாங்கப் போகிறவரின் கையைச் சட்டம் கட்டிப்போடாதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை. அதிகார ஆவணம் ஐயத்தின் அடையாளம் அன்று, பொறுப்பின் அடையாளம்.

அந்தப் பத்திரத்தை நான் இருமுறை பயன்படுத்தினேன். கையில் வைத்த உலோகத் தகட்டை எடுக்க அண்ணன் சென்னை சென்றிருந்தபோது, முடிந்த தளம் ஒன்றின் உரிமையை எழுதிக் கொடுத்தேன். அதே வாரத்தில் ஒரு டொமைனைப் புதுப்பித்தேன். அண்ணனின் பெயரை எழுதி, “அதிகாரம் பெற்ற முகவர்” என்று அதன் கீழ் என் பெயரை எழுதியபோது கை சிறிது நடுங்கியது. மாதக் கணக்கைக் காட்டியபோது நடுக்கம் நின்றது.

இரண்டு ஆண்டு முடிந்து, 2026-ஆம் ஆண்டு தை மாதத்தில் பத்திரத்தைப் புதுப்பித்தோம். இம்முறை சாட்சிக் கையெழுத்துக்கு யாரை அழைப்பது என்று அண்ணன் யோசித்தபோது, அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்தார். ‘செய்யக் கூடாதவை’ என்ற பகுதியை மூன்றாம் முறையும் படித்தார். பிறகு, “பேனாவைக் கொடு” என்றார்.